ஒசாகாவில் ஒரு நாள்: பசியைக் கணக்குப் பார்த்துச் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

ஒசாகாவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது என்பவர்களுக்கு என் முதல் யோசனை: அன்றைக்கு மதியச் சாப்பாடு என்று தனியாக எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். இந்த ஊரில் ஒரு இடத்தில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த நாலு மணி நேரம் வீண். கடைக்கு ஒரு பண்டம், அதுவும் அரை வயிற்றுக்கு. அப்புறம் கொஞ்சம் நடை. மறுபடி இன்னொரு கடை. ஒசாகாக்காரர்கள் சாப்பிடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். ஊரின் பேர்பெற்ற பண்டங்களில் பல, நின்றபடியோ ஒரு முக்காலியில் குந்தியபடியோ சாப்பிட உண்டானவை.

இரண்டாவது யோசனை: அதே நாளில் கியோத்தோவையும் நாராவையும் யுனிவர்சல் ஸ்டுடியோவையும் திணிக்காதீர்கள். ரயிலில் கியோத்தோ அரை மணி தூரம்தான் என்பது உண்மை. ஆனால் அங்கே போய்விட்டு மாலையில் டோடோன்போரிக் கால்வாய்க்கரைக்கு வந்து நாலு போட்டோ எடுத்தவர்கள் ஒசாகாவைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் வழி இதுதான். காலையில் கோட்டை. அங்கிருந்து நேர் தெற்கே ஷிடென்னோஜி கோயில். மதியம் அதற்கு மேற்கே உள்ள ஷின்செகாய். மாலையில் நம்பாவும் டோடோன்போரியும். இரவில் வடக்கே உமேதா. கோட்டையும் கோயிலும் உவேமாச்சி என்ற நீளமான மேட்டின் மீது இருக்கின்றன. பழங்காலத்தில் கடல் இந்த மேட்டின் மேற்கு ஓரம் வரை இருந்தது. இன்றைய நம்பா பக்கமெல்லாம் ஆற்று மண் சேர்ந்து உருவான தாழ்வான பூமி. ஆகவே முற்பகல் முழுக்க மேட்டில் நடந்து, மதியம் சரிவில் இறங்கப் போகிறோம். ஏற்றம் குறைவு, கால் தாங்கும்.

முன்னேற்பாடு

தங்க இடம் தேடும்போது நம்பாவைச் சுற்றிப் பாருங்கள். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் ரயில் நேராக நம்பாவுக்கே வருகிறது. சாதாரண விரைவு ரயிலில் 970 யென், முக்கால் மணி நேரம். ராப்பிட் என்ற நீல நிற சொகுசு ரயிலுக்குக் கட்டணம் கூட, மிச்சமாவது சில நிமிடங்களே. பெட்டி நிறைய இருந்தால் அதில் வாருங்கள், இல்லையென்றால் தேவையில்லை.

பயண அட்டைக்கு இகோகா வாங்கிக்கொள்ளலாம். 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணமாகப் போக 1,500 பயணத்துக்கு இருக்கும். தோக்கியோவில் வாங்கிய சுயிகா கையில் இருந்தால் அதுவே இங்கும் செல்லும். ஆனால் இந்த ஒரு நாளைக்கு மட்டும் ஒசாகா மெட்ரோவின் எஞ்சாய் ஈகோ கார்டு என்ற நாள் சீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வார நாட்களில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறைகளில் 620. நம் வழியில் ஒவ்வொரு பயணமும் 190 அல்லது 240 யென் ஆகும். வார இறுதி என்றால் யோசிக்காமல் வாங்கலாம். வார நாளில் நாலு தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் வாங்குங்கள். 3,000 யெனுக்கு மேல் விற்கும் அமேசிங் பாஸ் பல இடங்களின் நுழைவுக் கட்டணத்தையும் சேர்த்துத் தரும். ஆனால் அதை வாங்கியவர் கட்டணத்தை ஈடுகட்டவே ஓடுவார். சாப்பிட வந்தவருக்கு அது ஒத்து வராது.

கையில் ரொக்கம் 10,000 யென்னாவது இருக்கட்டும். சின்னக் கடைகளில் கார்டு செல்லாமல் போகலாம். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் குப்பைத் தொட்டி கிடைப்பது அரிது. நகரும் படிக்கட்டில் இங்கே வலது பக்கம் நிற்பார்கள். தோக்கியோவில் இடது. அங்கிருந்து வருபவர்களுக்கு முதல் அரை நாள் இது குழப்பும்.

சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இதை முதலில் படியுங்கள்

ஒசாகாச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், காய வைத்துச் சீவிய கட்சுவோ மீனையும் வென்னீரில் ஊற வைத்து எடுப்பது. கொம்பு விளைவது வடகோடியில் உள்ள ஹொக்காய்தோவில். எதோ காலம் எனப்படும் தொகுகாவா ஆட்சியில் (1603–1868) சரக்குக் கப்பல்கள் அதை ஜப்பான் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஒசாகாவில் இறக்கின. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரி நெல்லும் இங்குள்ள கிடங்குகளுக்கே வந்தது. தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு அனுமதி கிடைத்தது. முன்பேர வணிகம் முறையாக நடந்த உலகின் முதல் சந்தை என்று அதைச் சொல்வார்கள். சரக்கு வந்து குவிந்த ஊர் சமையலில் தேர்ந்ததில் வியப்பில்லை. நமக்கு அதில் உள்ள சிக்கல், கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். உடோன் என்ற தடித்த நூடுல்ஸின் குழம்பு, தகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டையின் மாவு, ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மாவு, எதுவும் விலக்கில்லை.

அதோடு, குஷிகட்சு என்ற, குச்சியில் குத்திப் பொரிக்கும் பண்டத்தை விற்கும் பல கடைகளில் எண்ணெய்க்குப் பதிலாகவோ எண்ணெயோடு கலந்தோ மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். தாமரைத் தண்டு, கத்தரிக்காய் என்று காய் வாங்கிவிட்டோமே என்று நிம்மதி அடைய வேண்டாம். இன்னொன்று, இந்த வட்டாரத்தில் வெறுமனே 'நிகு' என்று எழுதியிருந்தால் அது மாட்டிறைச்சி. பன்றி என்றால் 'புதா' என்று தனியாகப் போடுவார்கள். குஷிகட்சு கடையில் எழுதியிருக்கும் முதல் குச்சி பெரும்பாலும் மாடுதான்.

கண்டிப்பான சைவர்களுக்கு இந்த வழியில் கிடைப்பவை: காலையில் காபியும் தடித்த டோஸ்ட்டும், மதியம் பழமும் பாலும் அடித்த மிக்ஸ் ஜூஸ், மாலையில் சிவப்புப் பயறும் அரிசி உருண்டையும் சேர்ந்த சென்சாய். நடுவில் வயிற்றை நிரப்ப, சைவம் என்று பலகை போட்ட உணவகத்தையோ இந்திய உணவகத்தையோ நம்பா பக்கத்தில் முன்பே தேடி வைத்துவிடுங்கள். கடைக்குள் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், 'இறைச்சி இல்லை' என்று பணிவோடு சொல்லிவிட்டு மேலே மீன் சீவலைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் மீது தப்பில்லை. மீன் அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது.

காலை 7:30 – கிஸ்ஸாதென்

விடுதியில் பஃபே காலை உணவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கிஸ்ஸாதென் எனப்படும் பழைய காபிக் கடை ஒன்றுக்குப் போய் 'மோனிங்கு' என்று கேளுங்கள். காபியின் விலையோடு கொஞ்சம் சேர்த்தால் விரல் தடிமனுக்கும் மேலான டோஸ்ட், வெண்ணெய், அவித்த முட்டை கிடைக்கும். 500 முதல் 800 யென் வரை. வெல்வெட் நாற்காலி, மங்கிய விளக்கு, செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள். சில கடைகளில் இன்னும் புகை பிடிக்க அனுமதி உண்டு, வாசலிலேயே மூக்கு சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

காலை 8:30 – கோட்டை

நம்பாவிலிருந்து சென்னிச்சிமாயே தடத்தில் இரண்டு நிறுத்தம், தனிமாச்சி 9-சோமேயில் மாறி தனிமாச்சி தடத்தில் இரண்டு நிறுத்தம். தனிமாச்சி 4-சோமேயில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஓதேமோன் என்ற பெருவாயில். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன் போய்விட வேண்டும். கோட்டைப் பூங்காவுக்குள் போகக் கட்டணம் கிடையாது. கோபுரம் 9 மணிக்குத் திறக்கும்.

இங்கே எல்லோரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். கோபுரம் 1931இல் ஊர் மக்களின் நன்கொடையில் கட்டிய கான்கிரீட் கட்டடம், உள்ளே மின்தூக்கிகூட உண்டு. நாட்டை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்த படைத்தலைவர் தொயோதோமி ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615இல் போரில் அழிந்தது. வென்ற தொகுகாவா அரசு 1620 முதல் அதை மண்ணால் மூடி, அதன் மேலேயே புதிய கோட்டையை எழுப்பியது. அந்தக் கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்து போனது. ஆனால் தொகுகாவா காலத்துக் கற்சுவர் அப்படியே நிற்கிறது.

சகுராமோன் வாயிலுக்குள் நுழைந்ததும் எதிரே சுவர் போல நிற்பது ஒரே கல். தகோ-இஷி, அதாவது ஆக்டோபஸ் கல் என்று பேர். கீழ் இடது ஓரத்தில் உள்ள கறை ஆக்டோபஸ் தலை போலிருப்பதால் வந்த பெயர். முகப்பு மட்டும் 59 சதுர மீட்டர், எடை 100 டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய ஒகாயாமா பகுதியிலிருந்து கடல் வழியாக வந்த கல். பக்கத்தில் போய்ச் சுவரின் மற்றக் கற்களையும் கவனியுங்கள். சிலவற்றில் வட்டம், அம்பு, குறுக்குக் கோடு என்று சின்னச் சின்ன அடையாளங்கள் செதுக்கியிருக்கும். சுவரின் ஒவ்வொரு பகுதியையும் கட்ட வேண்டிய பொறுப்பு ஒவ்வொரு சிற்றரசர் தலையில் விழுந்தது. தன் கல் பக்கத்துக்காரன் கணக்கில் போய்விடக் கூடாது என்று போட்ட குறிகள் இவை.

கோபுரத்துக்குள் போவதா வேண்டாமா? கட்டணம் 2025 ஏப்ரலில் 600 யெனிலிருந்து 1,200 ஆனது. அதே சீட்டில், மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த ஹிதேயோஷி காலத்துச் சுவரையும் பார்க்கலாம். 1959இல் ஓர் ஆய்வுக்காகத் துளை போட்டபோது வெளிப்பட்ட சுவர் அது. வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இந்தக் காசு தகும். வெறும் காட்சிக்காக என்றால் மேலே ஏற வேண்டாம், இரவில் இதைவிட நல்ல உயரத்துக்குப் போகப் போகிறோம். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் என்றால் மேற்குப் பக்கமுள்ள நிஷினோமாரு தோட்டத்தில் செர்ரிப் பூக்களுக்காக அரை மணி கூடுதலாக வையுங்கள்.

காலை 10:30 – ஷிடென்னோஜி, அங்கிருந்து இறக்கம்

தனிமாச்சி 4-சோமேயிலிருந்து தெற்கே மூன்றாவது நிறுத்தம் ஷிடென்னோஜி-மாயே யூஹிகாவோகா. இளவரசர் ஷோதொகு 593இல் நிறுவிய புத்த கோயில் இங்கே இருக்கிறது. கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் பல முறை மறுபடி எழுந்தவை. ஐந்தடுக்குக் கோபுரம் இப்போது இருப்பது 1959இல் கட்டிய கான்கிரீட். ஆனால் வாயில், கோபுரம், மூலக் கோயில் எல்லாம் தெற்கு வடக்காக ஒரே கோட்டில் நிற்கும் அமைப்பு பழையதுதான். கோயிலைக் கட்ட கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து வந்த தச்சர்களில் ஒருவர் 578இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கொங்கோ குமி நிறுவனம், வேறொரு கட்டுமான நிறுவனத்தின் கிளையாக 2006 முதல் இன்றும் கோயில் கட்டிக்கொண்டிருக்கிறது.

கோயிலின் பெயரில் இருப்பவர்கள் நான்கு திசைக் காவலர்கள். வடக்குக் காவலர் பிஷாமொன்தென் வேறு யாருமில்லை, நம் குபேரன்தான். கவசம் போட்டு ஈட்டி பிடித்து நிற்பதால் சட்டென்று அடையாளம் தெரியாது.

மேற்கு வாயிலில் ஷின்தோ கோயில்களுக்கே உரிய தோரண வாயில் ஒன்று, கல்லில், 1294இல் வைத்தது. வசந்த, இலையுதிர்கால சம இரவு நாட்களில் சூரியன் இதன் நேர் எதிரே அஸ்தமிக்கும். மேற்கே கடல் இருந்த காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதன் வழியாக வெளியே வாருங்கள். மாதத்தின் 21, 22 தேதிகளில் வந்தால் வளாகம் முழுக்கப் பழைய சாமான் சந்தை. கிமோனோ, பீங்கான், துருப்பிடித்த கருவிகள் என்று கடை பரப்பியிருப்பார்கள்.

மேற்கு வாயிலிலிருந்து இறக்கத்தில் நடந்தால் இடது பக்கம் இஷ்ஷின்ஜி. இங்குள்ள புத்தர் சிலைகள் இறந்தவர்களின் சாம்பலைக் கொண்டு செய்தவை. 1887இல் தொடங்கி ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒரு சிலை, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோரின் அஸ்தி. வருகிறவர்கள் தங்கள் பாட்டியையோ அப்பாவையோ கும்பிட வருகிறார்கள். கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். எதிர்ப் பக்கம் யாசுயி கோயில் என்ற சின்ன இடம். காலையில் பார்த்த கோட்டைக்காகச் சண்டையிட்ட சனாதா யுகிமுரா 1615இல் வெட்டுப்பட்டு இறந்தது இங்கேதான். காயத்தோடு அமர்ந்த கோலத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு.

மதியம் 12:30 – ஷின்செகாய்

இறக்கம் முடிந்து கொஞ்சம் நடந்தால் வண்ண வண்ணப் பலகைகளும் பெரிய காகித விளக்குகளும் தொங்கும் ஷின்செகாய். நடுவில் ட்சுடென்காகு கோபுரம். 1912இல் முதலில் கட்டியது தீப்பிடித்து, போர்க்காலத்தில் இரும்புக்காகப் பிரிக்கப்பட்டது. இப்போதிருப்பது 1956இல் வந்தது. வடிவமைத்த நைதோ தாச்சூதான் தோக்கியோ டவரையும் வடிவமைத்தவர். இரவில் இதன் உச்சி விளக்கு மறுநாள் வானிலையைச் சொல்லும்: வெள்ளை வெயில், ஆரஞ்சு மேகமூட்டம், நீலம் மழை. கோபுரத்தில் பிலிக்கென் என்ற உருவம் உட்கார்ந்திருக்கும், உள்ளங்காலைத் தடவினால் அதிர்ஷ்டம் என்பார்கள். ஊர்ச் சாமி போலக் கொண்டாடுகிறார்கள், ஆனால் பிறந்த இடம் அமெரிக்கா. கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஓவிய ஆசிரியை ஒருவர் 1908இல் உருவாக்கியது. தெருவெங்கும் அதன் நகல்கள் இருப்பதால், தடவுவதற்காக மட்டும் கட்டணம் கொடுத்து மேலே ஏற வேண்டியதில்லை.

இங்கே வந்தது குஷிகட்சுவுக்காக. இறைச்சி, மீன், காய் எதையாவது மூங்கில் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்து, நைசான ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. தாருமா என்ற கடை 1929இல் இங்கே தொடங்கியது. அதற்கு முன் எப்போதும் வரிசை நிற்கும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஜான்ஜான் யோக்கோச்சோ என்ற குறுகலான சந்துக்குள் போங்கள். அங்கே எட்டுப் பத்துப் பேர் மட்டும் உட்காரும் கடைகள் இருக்கின்றன, பக்கத்திலேயே ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் பெரியவர்களையும் பார்க்கலாம்.

சாப்பிடும் முறை இப்படி. உட்கார்ந்ததும் ஐந்தாறு குச்சி மட்டும் சொல்லுங்கள். குச்சிக்கு 130 முதல் 300 யென் வரை. மாடு, இறால், தாமரைத் தண்டு, காடை முட்டை, சிவப்பு இஞ்சி ஆகியவற்றோடு தொடங்கலாம். நீளவாக்கில் சீவிய சிவப்பு இஞ்சி ஊறுகாயைப் பொரித்துத் தருவது இந்த ஊர்ச் சரக்கு, விட்டுவிடாதீர்கள். மேசையில் ஸ்டீல் டப்பாவில் தண்ணீர் போன்ற கறுப்பு சாஸ் இருக்கும். அது எல்லோருக்கும் பொது. குச்சி வந்ததும், வாய் வைப்பதற்கு முன், ஒரே ஒரு தடவை முழுதாக முக்கி எடுக்க வேண்டும். கடித்த குச்சியை மறுபடி முக்கினால் கடைக்காரர் சத்தம் போடுவார், சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கும். சாஸ் போதவில்லை என்றால் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கும் பச்சை முட்டைக்கோஸ் துண்டால் கோரி மேலே விட்டுக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் டப்பாவை எடுத்துவிட்டுப் புட்டியில் சாஸ் வைத்திருக்கின்றன. சுகாதாரம் சரிதான், ஆனால் அந்த முக்கி எடுக்கும் சடங்கு போய்விட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

ஆறு குச்சியோடு எழுந்துவிடுங்கள். எண்ணெய்ப் பண்டம், பத்துக்கு மேல் போனால் மாலைத் திட்டம் முழுக்கச் சரிந்துவிடும். வெளியே வந்து மிக்ஸ் ஜூஸ் குடியுங்கள். வாழைப்பழம், ஆரஞ்சு, பீச், பால் எல்லாம் சேர்த்து அடித்தது. இதுவும் ஷின்செகாயில் பிறந்ததுதான், சென்னாரியா என்ற காபிக் கடையில்.

மதியம் 2:30 – நம்பாவுக்கு நடை

எபிசுச்சோவிலிருந்து ஒரு நிறுத்தம் ரயிலேறலாம், ஆனால் நடப்பதே மேல். வயிறு இறங்க வேண்டுமே! நிப்போன்பாஷி சாலை நெடுக மின்சாமான், பொம்மை, காமிக்ஸ் கடைகள். இருபது நிமிடத்தில் நம்பா வந்துவிடும்.

வழியில் குரோமோன் சந்தை. 580 மீட்டர் நீளக் கூரைச் சந்தை, ஊர்ச் சமையல்காரர்கள் மீன் வாங்கிய இடம். இப்போது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. ஒரு சுற்று பார்த்துவிட்டு, பழமோ ஒரு துண்டு மீனோ தின்றுவிட்டு வெளியே வாருங்கள். நண்டுக் காலுக்கும் வாக்யூ மாட்டிறைச்சிக் குச்சிக்கும் இங்கே பணத்தை இறைக்க வேண்டாம் என்பது என் கட்சி. கடல் உணவுதான் முக்கியம் என்பவர்கள் வேறொரு நாள் விடிகாலையில் தைக்கோகுச்சோ அருகே உள்ள கிசு சந்தைக்குப் போகலாம்.

அதைவிட நான் நேரம் செலவிடச் சொல்வது தோகுயாசுஜி. 150 மீட்டர் தெரு முழுக்க உணவகங்களுக்கான சாமான்கள். கத்தி, கிண்ணம், கடை வாசலில் தொங்கும் துணித் திரை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் போலி உணவு மாதிரிகள். தகோயாகிச் சட்டியை இங்கே வாங்கலாம். வார்ப்பிரும்பில் கிடைக்கிறது, கனம் பார்த்து எடுங்கள்.

இதற்குப் பிறகு விடுதிக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் ஒசாகா 35 டிகிரியும் புழுக்கமுமாக இருக்கும். இந்த ஓய்வு இல்லாமல் இரவு பத்து மணி வரை தாக்குப்பிடிப்பது கடினம்.

மாலை 5:00 – ஹோசென்ஜி, டோடோன்போரி

கூட்டத்துக்குள் நேராகப் போகாமல், ஹோசென்ஜி யோக்கோச்சோ என்ற கல் பாவிய சந்து வழியாக நுழையுங்கள். அங்கே ஃபுதோ மியோ என்ற புத்தக் காவல் தெய்வத்தின் சிலை ஒன்று, முகம் தெரியாத அளவு பச்சைப் பாசி. வேண்டுதலோடு வருகிறவர்கள் தண்ணீரை அள்ளி அதன் மேல் வீசுவார்கள். பல்லாண்டுத் தண்ணீரில் வளர்ந்த பாசி அது. நீங்களும் ஒரு அகப்பை ஊற்றலாம். பக்கத்திலேயே மெவோதோ சென்சாய் கடை. ஒருவர் கேட்டாலும் சின்னக் கிண்ணங்களில் இரண்டாகத்தான் தருவார்கள். கொஞ்சம் உப்புப் பாசியும் தொட்டுக்கொள்ள வரும். இனிப்பைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுவது இந்தத் திட்டத்துக்குத் தோதுதான்.

அப்புறம் டோடோன்போரி. யாசுயி தோதோன் என்பவர் 1612இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1615இல் முடிந்தது. கால்வாய்க்கரையில் நாடகக் கொட்டகைகள் வந்தன, நாடகம் பார்க்க வந்தவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. கொட்டகைகள் போய்விட்டன, கடைகள் நிற்கின்றன. எபிசுபாஷி பாலத்தில் நின்றால் எதிரே இரு கைகளையும் தூக்கி ஓடும் கிளிக்கோ மனிதன். முதல் பலகை 1935இல் வைத்தது, இப்போதிருக்கும் எல்இடி பலகை 2014இல் வந்த ஆறாவது. இருட்டுவதற்குச் சற்று முன் வந்தால் வானம் நீலமாக இருக்கும்போதே விளக்கு எரிவதைப் பிடிக்கலாம். போட்டோவுக்கு அதுதான் நேரம். இதே பாலத்திலிருந்துதான் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி பெரிய பட்டம் வெல்லும்போதெல்லாம் ரசிகர்கள் கால்வாயில் குதிக்கிறார்கள். 1985இல் ஒரு கேஎஃப்சி கடையின் கர்னல் சாண்டர்ஸ் சிலையையும் தூக்கிப் போட்டார்கள். அது 2009இல்தான் சேற்றிலிருந்து வெளியே வந்தது. இடையில் அணி ஜப்பான் சீரிஸ் என்ற தேசியக் கோப்பையை வெல்லாததற்கு அந்தச் சிலையின் சாபமே காரணம் என்று ஊரே பேசியது.

தகோயாகிக்கு இப்போது வயிற்றில் இடம் இருக்கும். 1935இல் ஐசுயா கடைக்காரர் எந்தோ தொமேகிச்சி, அதுவரை மாட்டுத் தசைநார் வைத்துச் சுட்டதில் ஆக்டோபஸைப் போட்டுப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த பண்டம். சட்டியைப் பார்த்தால் நம் பணியாரக் கல்லே நினைவுக்கு வரும், ஆனால் செய்முறை வேறு. தாஷி கலந்த மாவு மோர் போல நீர்க்க இருக்கும். குழியோடு நில்லாமல் கல் முழுக்க வழிய ஊற்றுவார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ், மேலே வெங்காயத் தாள், பொரித்த மாவுத் தூள், சிவப்பு இஞ்சி. ஓரம் வெந்ததும் கூரான கம்பியால் குழிகளுக்கு இடையே கோடு கிழித்து, வழிந்த மாவை உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்புவார்கள். வேகாத மாவு அடியில் இறங்கி மறுபாதி உருவாகும். கம்பி விரலை விட வேகமாக ஓடும். பத்து நிமிடம் நின்று பார்க்கத் தகுந்த வித்தை.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது வரிசை நீளத்தைவிட, சுட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களா அல்லது சுடச்சுட எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். எட்டு உருண்டை 600 முதல் 900 யென். இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். முழுதாக வாயில் போடாதீர்கள், உள்ளே கூழாகக் கொதிக்கும், மேலண்ணம் பொத்துவிடும். குச்சியால் பிளந்து ஆவி போகவிட்டு, பிறகு சாப்பிடுங்கள். நடந்துகொண்டே தின்ன வேண்டாம், கடை முன்னாலேயே நின்று முடித்தால் குப்பையையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

இரவு 7 மணிக்கு மேல், நாளில் முதன்முறையாக நிதானமாக உட்காருவோம், ஒகோனோமியாகிக்காக. மிசுனோ போன்ற பழைய கடைகளில் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டிவரும். கால்வாயை விட்டு இரண்டு தெரு தள்ளினால் அதே தரத்தில் காத்திருக்காமல் கிடைக்கும். முதல்முறை என்றால் 'புதாதாமா' கேளுங்கள்: முட்டைக்கோஸ் நிறைய, முட்டை, மேலே பன்றி இறைச்சிச் சீவல். 1,000 முதல் 1,500 யென். ஹிரோஷிமாவில் அடுக்கடுக்காக வைப்பார்கள், இங்கே எல்லாவற்றையும் மாவில் கலந்து சுடுவார்கள். மேசையிலேயே இரும்புக் கல் இருக்கும். கல்லின் மீதே வைத்து, சின்னத் தகட்டுக் கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிடுங்கள். தட்டுக்கு மாற்றினால் அடி மொறுமொறுப்பு போய்விடும். பரிமாறுபவர் சொல்லும் வரை கல்லில் இருப்பதை அழுத்தாதீர்கள், திருப்பாதீர்கள். டிப்ஸ் வேண்டாம். மேசையில் காசை விட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள். கிளம்பும்போது 'ஓகினி' என்று சொல்லுங்கள். ஒசாகாப் பேச்சில் நன்றி, கடைக்காரர் முகம் மலரும்.

இரவு 9:00 – உமேதா

மிதோசுஜி தடத்தில் நம்பாவிலிருந்து நான்காவது நிறுத்தம் உமேதா. 1933இல் ஓடத் தொடங்கிய தடம். வார நாட்களில் நாள் முழுக்கப் பெண்களுக்கென ஒரு பெட்டி உண்டு, நடைமேடையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். உமேதாவின் நிலத்தடி வழிகள் உள்ளூர்க்காரர்களையே சுற்றவிடும். தயங்காமல் மேலே ஏறித் தெரு வழியாக நடந்தால், கால் மணி நேரத்தில் உமேதா ஸ்கை பில்டிங். 1993இல் ஹாரா ஹிரோஷி வடிவமைத்த கட்டடம், 173 மீட்டர். இரண்டு கோபுரங்களை உச்சியில் ஒரு வளையம் இணைக்கும். வெட்டவெளியின் குறுக்கே போகும் கண்ணாடி நகரும் படிக்கட்டில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். இதைவிட உயரமானது தென்னோஜியில் 300 மீட்டர் ஹாருகாஸ் இருக்கிறது. ஆனால் இங்கே திறந்த மாடியில் காற்று முகத்தில் அடிக்க நிற்கலாம், கீழே யோதோ ஆற்றுப் பாலங்களில் ரயில்கள் போவது தெரியும். 10 மணிக்குள் நுழைந்துவிட வேண்டும்.

இன்னும் பசி இருந்தால் ஒரு கிண்ணம் கிட்சுனே உடோன் போதும். இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு மேலே மிதக்கும். இதுவும் ஒசாகாவில் பிறந்ததே. குழம்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிடுங்கள், முன்னால் சொன்ன கொம்புச் சாறின் அருமை அதில்தான் தெரியும்.

மழை பெய்தால்

கோட்டையை விட்டுவிட்டு, தென்ஜின்பாஷிசுஜி 6-சோமே நிலையத்தை ஒட்டியுள்ள வீட்டு வாழ்வியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். எதோ காலத்து (தொகுகாவா ஆட்சி) ஒசாகாத் தெரு ஒன்றை அதே அளவில் கட்டடத்துக்குள் கட்டியிருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை. வெளியே வந்தால் 2.6 கிலோமீட்டர் நீளும் கடைத்தெரு, பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. அங்கே விலையும் டோடோன்போரியைவிடக் குறைவு. மாலையில் நம்பா பக்கம் ஷின்சாய்பாஷி, சென்னிச்சிமாயே, தோகுயாசுஜி எல்லாமே கூரை போட்ட தெருக்கள்தான், குடை விரிக்காமலே சுற்றலாம். ஷிடென்னோஜியை மட்டும் மழையில் தவிர்க்க வேண்டாம். தூறலில் கூட்டம் இருக்காது, குளத்தில் ஆமைகள் மட்டும் இருக்கும். ரயிலில் ஏறி நேரே அங்கே போய்விட்டு, ஷின்செகாயிலிருந்து பழைய வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.